வெள்ளிக்கிழமை தங்கிய பணம்

அமுதவல்லியை நான் முதலில் பார்த்தது காரிமங்கலத்தில் ஒரு வங்கிக் கிளையின் வாசற்படியில். ஜூலை மாதம், நல்ல வெயில். கல்விக் கடனில் எவ்வளவு பாக்கி என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்தவனைப் படியில் உட்கார்ந்திருந்தவர் நிறுத்தினார்.

"தம்பி, சட்டையில பேனா வெச்சிருக்கீங்களே, எழுதத் தெரியுங்களா?"

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். தாசில்தார் கையெழுத்துப் போட்ட முதல் பட்டதாரிச் சான்றிதழை அப்பா லேமினேஷன் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். எம்.காம். முடித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் அந்தக் கைகளைப் பார்த்தேன். விரல் நுனிகள் பத்தும் பழுப்பேறி, ஒரு வரிகூட இல்லாமல், தேய்ந்த சோப்புத் துண்டு போல வழவழவென்று இருந்தன.

"தெரியுங்க்கா" என்றேன்.

மனு எழுத ஆரம்பித்ததும் முதல் வரியிலேயே தகராறு வந்துவிட்டது. மேலாளருக்கு வணக்கம் சொல்கிறவரை ஒப்புக்கொண்டார். 'என் கணக்கில் உள்ள பணத்தை' என்று எழுதப்போனதும் பேனாவின் மேல் கையை வைத்துவிட்டார்.

"அது எம்பணம் இல்லீங்க தம்பி. மொதல்ல அதைப் போடுங்க."

"கணக்கு உங்க பேர்லதானே இருக்குது?"

"பேரு என்னுது. பணம் பத்து பேருது. அதைப் போடாம வேற எதைப் போட்டாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அப்படியே எழுதினேன். 'ஐயா, இந்தக் கணக்கில் இருக்கும் பணம் என்னுடையது அல்ல.' ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, காகிதத்தை நான்காக மடித்துக்கொண்டு உள்ளே போனார். பத்தே நிமிடத்தில் அதே காகிதத்தோடு திரும்பி வந்து, அதே படியில் உட்கார்ந்தார். என்ன நடந்தது என்று அன்றைக்குக் கொஞ்சம் சொன்னார். பிறகு பல தடவை சொன்னார். கூட வேலை செய்கிறவர்களும் அவரவர் பங்குக்குச் சொன்னார்கள். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

அமுதவல்லிக்கு நாற்பத்தாறு வயது. காரிமங்கலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில் ஊர். கணவர் தர்மனுக்குப் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. சில மாதம் ஆள் வருவார், சில மாதம் பணம் மட்டும் வரும், சில மாதம் இரண்டும் வராது. மகள் காவியாவைக் கிருஷ்ணகிரிப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று. இரண்டு ஏக்கர் மேட்டுக்காடு மழையை நம்பிக் கிடக்கிறது. ஆக, அடுப்பு எரிவது புளியால்தான்.

ஊருக்கு மேற்கே பிரபாகரின் புளிக் கொட்டகை. அங்கே பதினோரு பெண்கள் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால், சின்னச் சுத்தியலால் ஓட்டைத் தட்டி, நாரை உருவி, கொட்டையை நீக்கி, சாயங்காலம் எடைக்கு வைப்பார்கள். கிலோவுக்குப் பதினான்கு ரூபாய். ஒரு நாளைக்குப் பதினேழு பதினெட்டுக் கிலோ வரைக்கும் ஓடும். இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் கூலி.

புளி முதலில் நகக்கண்ணை எரிக்கும். அப்புறம் தோலை உரிக்கும். நாலைந்து வருடம் போனால் ரேகையைத் தின்றுவிடும். ரேஷன் கடைக்குப் போனால் இவர்களுக்கென்று தனியாக அரை மணி நேரம் வேண்டும். "ரேகை விழல, தொடச்சிட்டு வைம்மா" என்பார் கடைக்காரர். புடவையில் துடைத்து வைப்பார்கள். விழாது. தலைமுடியில் தேய்த்து எண்ணெய் ஏற்றிக்கொண்டு வைப்பார்கள். அதற்கும் விழாது. இந்த லட்சணத்தில் வங்கிக் கணக்கு ஆரம்பிக்கப் போனால் என்ன ஆகும்? நஞ்சம்மாள் மூன்று தடவை போய் மூன்று தடவையும் திரும்பி வந்தவர். வயது அறுபத்திரண்டு. "மெஷினுக்கு நான் உசுரோட இருக்கறதே தெரியலடி" என்று சொல்லிச் சிரிப்பார்.

கணக்கு இருந்தவர்களுக்கும் அதனால் பெரிய பிரயோசனமில்லை. ஒருத்தருக்குப் பணமே போடாமல் கணக்கு செத்துக் கிடந்தது. ஒருத்தருடைய அட்டை வீட்டுக்காரர் பர்ஸில் இருந்தது. கூலி அவர் போனுக்கு வந்தால் மதுக்கடை வரைக்கும் வரும், வீட்டுக்கு வராது.

முன்பெல்லாம் பிரபாகர் கையில் நோட்டாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் திடீரென்று சொல்லிவிட்டார். "இனிமே எல்லாம் ஜிபேதாங்க. எனக்கே எல்லாரும் போன்லதான் போடறாங்க. நோட்டுக்கு நான் எங்க போவேன்?"

காவியாவின் பள்ளி உதவித்தொகைக்காக எப்போதோ ஆரம்பித்த கணக்கும், தர்மன் வாங்கிக்கொடுத்த பழைய டச் போனும் சேர்ந்து இருந்தது பதினோரு பேரில் அமுதவல்லிக்கு மட்டும்தான். ரேகை வேண்டாம், நான்கு நம்பர் அழுத்தினால் போதும். பத்துப் பேர் கூலியும் அவர் போனுக்கு வரத் தொடங்கியது.

வந்த பணத்தை நோட்டாக மாற்றுவது காளியப்பன் மளிகைக் கடையில். அமுதவல்லி போனில் அனுப்பினால், கடையில் இருக்கிற பேசும் பெட்டி ஊருக்கே கேட்கிற மாதிரி தொகையைச் சொல்லும். காளியப்பன் ஆயிரத்துக்குப் பத்து ரூபாய் பிடித்துக்கொண்டு நோட்டை எண்ணிக் கொடுப்பார். அதை மடியில் முடிந்துகொண்டு வந்து, கொட்டகை வாசலில் உட்கார்ந்து ஆளுக்குப் பிரித்துக் கொடுப்பார் அமுதவல்லி. ரீசார்ஜுக்கென்று தலைக்கு ஐந்து ரூபாய் தருவார்கள். தராதவர்களிடம் கேட்டதில்லை.

அதே இடத்தில் சங்கப் பெட்டியும் திறக்கும். அந்தப் பதினோரு பேரும் தாங்களாக வைத்துக்கொண்ட சங்கம் அது. எந்தப் பதிவிலும் கிடையாது. கூலி வாங்கிய கையோடு ஆளுக்கு இருநூறு போட வேண்டும். பெட்டி தீர்த்தம்மாள் வீட்டில் இருக்கும், சாவி நஞ்சம்மாள் இடுப்பில் இருக்கும். அவசரம் என்றால் பெட்டியிலிருந்து எடுக்கலாம். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. சனிக்கிழமை தவணைக்கு வருகிற பைனான்ஸ்காரர் முன்னால் கைகட்டி நிற்காமல் இருப்பதற்காகவே அந்தப் பெட்டி.

இதிலெல்லாம் அமுதவல்லிக்கு ஒரே ஒரு கண்டிப்பு. விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து காசு இறங்கக் கூடாது. வெள்ளிக்கிழமை என்றால் நாள் முழுக்கவே இறங்கக் கூடாது. நோட்டுக்கு இருந்த வழக்கத்தைப் போனுக்கும் வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு விளக்குக்குப் பொட்டு வைக்கும்போது போனின் முதுகிலும் ஒரு பொட்டு வைப்பார்.

*

ஜூன் மாதம் அந்த வியாழக்கிழமை சாயங்காலம் முப்பத்தோராயிரத்து நானூற்று நாற்பது ரூபாய் வந்தது. மற்ற பத்துப் பேருக்கு இருபத்தெட்டாயிரத்து அறுநூறு. மீதி அமுதவல்லியுடையது. விஷயம் தெரிந்து வெண்மதி வாசலுக்கே வந்துவிட்டாள். பதினோரு பேரில் இளையவள், பத்தாவது வரை படித்தவள், வாய்க்காரி.

"அக்கா, காசு ஏறிடுச்சாமே?"

"ஏறிடுச்சு."

"காளியப்பன் கடை தொறந்துதான் கெடக்குது. ஒரு எட்டு போயிட்டு வந்துரலாம் வா."

"வெளக்கு வெச்சுட்டேன் வெண்மதி. நாளைக்கு வெள்ளி. சனிக்கெழம காலைல மொத வேலையா வாங்கியாந்துர்றேன்."

"போன்ல இருக்கற காசுக்குமா? அது உன் வூட்லயா இருக்குது? பேங்குலதான இருக்குது?"

"போனு யாரு கையில இருக்குது? எங்கையில. அப்ப லச்சுமி யாரு வூட்ல இருக்கறா?"

"சரி சரி. உன் லச்சுமிக்கு மொதல்ல சார்ஜ் போடு. செவப்பு காட்டுது பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள் வெண்மதி.

வெள்ளிக்கிழமை முழுவதும் பணம் போனில் இருந்தது. முதுகில் பொட்டோடு.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு அமுதவல்லி காளியப்பன் கடையில் நின்றார். தொகையை அடித்தார், நம்பரை அழுத்தினார். பெட்டி பேசவில்லை. போனில் சிவப்பாக ஏதோ வந்தது.

"டவர் இல்லாட்டம் இருக்குது. இன்னொருக்கா போடும்மா" என்றார் காளியப்பன்.

இன்னொருக்கா போட்டார். பேசவில்லை. காளியப்பன் பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்த்தார். தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அப்போது பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் வெற்றிலை வாங்கிவிட்டுப் போனைக் காட்ட, 'பத்து ரூபாய் பெறப்பட்டது' என்று பெட்டி கணீரென்று சொன்னது.

"பொட்டி நல்லாத்தான் இருக்குது" என்றார் காளியப்பன். பிறகு கொஞ்சம் தயங்கி, "உன் பக்கம்தான் என்னமோ" என்றார்.

அது இரண்டாவது சனி. வங்கி கிடையாது. அடுத்த நாள் ஞாயிறு. யாராவது வாசலுக்கு வந்து கேட்கிற வரைக்கும் அமுதவல்லி காத்திருக்கவில்லை. அவரே போய்ச் சொன்னார், ஒவ்வொரு வீடாக. "திங்கக்கெழம பேங்குல கேட்டுச் சொல்றேன்." பத்து வீட்டுக்கும் அதே வாக்கியம். பத்தாவது வீட்டில் சொல்லும்போது தனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது என்றார்.

திங்கட்கிழமை வங்கியில் உதவி மேலாளர் சவுரியப்பன் கணினியைப் பார்த்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். உட்காரச் சொல்கிறார்கள் என்றால் விஷயம் நல்லதில்லை என்று அமுதவல்லிக்குப் புரிந்துவிட்டது.

வடக்கே எங்கேயோ ஒருத்தரைப் போனில் ஏமாற்றிப் பணம் பறித்திருக்கிறார்கள். அந்தப் பணம் கை மாறி, கை மாறி, ஒரு புளி வியாபாரியிடம் வந்து, அவர் சரக்குக்காகப் பிரபாகருக்குப் போட்டு, பிரபாகர் அதிலிருந்து கூலி போட்டிருக்கிறார். அங்கிருக்கிற போலீஸ் பணம் போன வழியெல்லாம் தொட்டுத் தொட்டு நிறுத்திக்கொண்டே வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மத்தியானம் இந்தக் கணக்கு வரைக்கும் வந்துவிட்டது.

"உள்ள வர்ற பணம் வரும்மா. வெளிய போகாது" என்றார் சவுரியப்பன்.

அமுதவல்லிக்கு அதில் ஒரே ஒரு சொல்தான் காதில் நின்றது. "வெள்ளிக்கெழம மத்தியானமுங்களா?"

"ஆமாம்மா. ரெண்டே காலுக்கு."

வியாழக்கிழமை சாயங்காலம் எடுத்திருந்தால் பணம் பத்து வீட்டிலும் அரிசியாகியிருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் எடுத்திருந்தால்கூட ஆகியிருக்கும்.

*

கொட்டகையில் மத்தியானச் சோற்று நேரம். தூக்குப்போசிகளைத் திறந்து வைத்துக்கொண்டு யாரும் சாப்பிடவில்லை. அமுதவல்லி எதையும் மறைக்காமல் சொன்னார், ரெண்டே கால் உட்பட.

வெண்மதிதான் முதலில் பேசினாள். "நான் வந்து வாசல்ல நின்னு கேட்டனா இல்லியா?"

"கேட்ட."

"லச்சுமி இருக்கறாள்னு சொன்ன. இப்ப எங்க இருக்கறா உன் லச்சுமி? டேசன்ல!"

யாரோ சிரித்தார்கள். சிரித்தவர்களே பிறகு தலையைக் குனிந்துகொண்டார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "அஞ்சு அஞ்சு ரூவாயா வாங்குனது எதுக்காம்?" என்றது. அமுதவல்லி திரும்பிப் பார்க்கவில்லை. யார் என்று பார்த்துவிட்டால் அப்புறம் அந்த முகத்தின் பக்கத்தில் உட்கார்ந்து புளி தட்ட வேண்டுமே.

தீர்த்தம்மாள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "பேசிப் பேசி என்ன ஆவப்போவுது? பொட்டியத் தொறங்க. எவ்வளவு இருக்குதுன்னு பாப்போம்."

பெட்டி வந்தது. நஞ்சம்மாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். எண்ணிப் பார்த்தால் இருபத்தாறாயிரம் இருந்தது. கொடுக்க வேண்டியது இருபத்தெட்டாயிரத்து அறுநூறு.

"அப்படின்னா இந்தக் காச அமுதா கடனா எடுத்து நமக்குக் கூலியாக் குடுக்கட்டும்" என்றார் தீர்த்தம்மாள்.

"வட்டி?" என்றாள் வெண்மதி.

"ஏன்டி, நம்ம காச நாமளே குடுத்து நாமளே வாங்கிக்கறோம். இதுல அவ எதுக்கு வட்டி கட்டோணும்?"

"சங்கத்துக் காசு எடுத்தா யாரா இருந்தாலும் ஒரு ரூவா வட்டி. எம்புள்ளைக்குக் காய்ச்சல்னு எடுத்தப்ப நான் கட்டுனேன்ல?"

ஆளுக்கு ஒன்று பேசினார்கள். சத்தம் எடைத்தராசு வரைக்கும் போய், பிரபாகரின் கணக்குப்பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அமுதவல்லி கையை உயர்த்தினார்.

"வட்டி கட்டறேன். கட்டாம எடுத்தா நாளைக்கு ஓசியில எடுத்தாள்னு இன்னொரு பேச்சு வரும். வாரம் முந்நூறு அசலும் தர்றேன். என் கூலியில புடிச்சுக்குங்க."

இரண்டாயிரத்து அறுநூறு குறைந்தது. அது சரியாக நஞ்சம்மாளின் கூலி. அவர் பெட்டியை மூடிச் சாவியைத் திரும்ப இடுப்பில் சொருகினார். "எனக்கு அப்புறம் குடு. ஆனா நூறு எரநூறா கிள்ளிக் குடுக்காத. மொத்தமாக் குடு. வூட்டு மேல ரெண்டு தகர ஷீட்டு மாத்தோணும். மழைக்கு முன்னாடி குடுத்துட்டீன்னா போதும்."

ஒன்பது பேர் தங்கள் சங்கத்துக் காசைத் தங்கள் கூலியாக வாங்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு ரீசார்ஜுக்கு யாரும் ஐந்து ரூபாய் கொடுக்கவில்லை.

*

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லும்போது அமுதவல்லிக்கே அலுப்பு வந்துவிடும். வாரத்தில் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வங்கிக்குப் போவார். ஒரு நாள் என்றால் இருநூற்று நாற்பது ரூபாய் கூலி போச்சு. சவுரியப்பன் கெட்டவரில்லை. "மெயில் போட்டிருக்கோம்மா, பதில் வரல" என்பார். வடக்கே இருக்கிற போலீஸ் நம்பர் ஒன்றைக் கொடுத்தார். கூப்பிட்டால் இந்தியில் பேசினார்கள். இவர் தமிழில் பேசினார். இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வைத்துவிட்டார்கள்.

பிரபாகருக்கும் ஒரு கணக்கு முடங்கியது. ஆனால் அவருக்கு மூன்று கணக்கு. ஒன்று போனால் இரண்டு. அமுதவல்லியின் கணக்கு முடங்கிப்போனதால் கூலியை மறுபடி நோட்டாகக் கொடுக்க வேண்டி வந்தது. காரிமங்கலம் போய் எடுத்து வருகிற செலவு என்று நூற்றுக்கு ஒரு ரூபாய் பிடித்துக்கொண்டார். காளியப்பன் பிடித்ததும் அதே அளவுதான். ஆனாலும் கொட்டகையில் அந்த ஒரு ரூபாய்க்கும் அமுதவல்லியைத்தான் பார்த்தார்கள்.

அந்த நாட்களில் ஒன்றில்தான் அவர் என்னை நிறுத்தி மனு எழுதச் சொன்னது. 'என்னுடையது அல்ல' என்ற வரியைப் படித்ததும் சவுரியப்பன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாராம்.

"இப்படி எழுதிக் குடுத்தா, ஏமாத்துக்காரங்களுக்குக் கணக்க வாடகைக்கு விட்டவங்கன்னு உங்களையும் கேஸ்ல சேத்துருவாங்கம்மா. என் பணம்னு எழுதுங்க."

"பொய் எழுதச் சொல்றீங்களா சார்?"

"அப்படி இல்லம்மா..."

"நாளைக்கு இந்தப் பேப்பர் யார் கைக்காச்சும் போயி, அமுதவல்லி எல்லாம் எம்பணம்னு எழுதிக் குடுத்தாள்னு ஊருக்குள்ள வந்தா நான் எந்த மூஞ்சியோட சுத்தியலப் புடிக்கறது?"

சவுரியப்பன் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். கடைசியில், "அப்படின்னா பாதி உண்மை வேண்டாம். முழுசா எழுதிட்டு வாங்க. யார் யார் பணம், எத்தன கிலோ, எவ்வளவு. எல்லார் ரேகையும் வேணும். கூலிதான்னு முதலாளி கையெழுத்தும் வேணும்" என்றாராம்.

இந்தத் தடவை மனு இரண்டு பக்கம் வந்தது. நான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மற்றதெல்லாம் கொட்டகையில் நடந்தது.

மை டப்பா ஒன்றைக் காளியப்பன் கடையிலிருந்து வெண்மதியே வாங்கி வந்தாள். பத்துப் பேரும் வரிசையாகக் கட்டைவிரலை அழுத்தினார்கள். வெண்மதியுடையதில் மட்டும் இரண்டொரு வரி தெரிந்தது; மற்ற ஒன்பதும் வரியே இல்லாத நீலப் பொட்டுகளாக விழுந்தன. நஞ்சம்மாள் தன்னுடையதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "பாருங்கடி, பேப்பருக்கு மட்டும் என்னைத் தெரியுது."

பிரபாகர் கையெழுத்துக்குத்தான் இழுத்தார். "எழுத்துல குடுத்தா நாளைக்கு எல்லாம் எந்தலையில வந்து விழும். நானே ஒரு கணக்கு போயிக் கெடக்கறேன். உங்களுக்கு என்ன, பேங்கு பாத்துக்கும்."

"நீங்க போட்ட கூலின்னு நீங்க சொல்லாம வேற யாருண்ணா சொல்றது?" என்றார் அமுதவல்லி.

"பாக்கலாம் பாக்கலாம்."

இரண்டு வாரம் பாக்கலாமிலேயே போனது. மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை, சென்னைக்குச் சரக்கு ஏற்ற லாரி வந்து நின்ற நேரம். பாதிப் புளி இன்னும் கொட்டையோடு கிடந்தது. வெண்மதி சுத்தியலைக் கீழே வைத்தாள். பக்கத்திலிருந்த தீர்த்தம்மாள் வைத்தார். அடுத்தவர் வைத்தார். சத்தம் ஒவ்வொன்றாக நின்று, கடைசியில் அமுதவல்லியின் சுத்தியல் ஒன்று மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தவருக்கு அப்போதுதான் உறைத்தது. நிமிர்ந்து பார்த்தார். பத்துப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு பிரபாகரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீயும் வையி" என்றாள் வெண்மதி. "உனக்குத்தான் மொதலாளி கையெழுத்து வேணும்."

லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். பிரபாகர் பத்து நிமிடம் தாங்கினார். பிறகு கணக்குப்பிள்ளையிடம் பேனா கேட்டார்.

*

அந்தக் காகிதம் போய்ச் சேர்ந்த பிறகும் ஆகஸ்ட் போனது, செப்டம்பர் போனது. அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. நஞ்சம்மாள் கூரை மேல் ஒரு பழைய உரச்சாக்குப் படுதாவைக் கட்டி, கல் வைத்திருந்தார். மழை பெய்த மறுநாள் கொட்டகையில் அமுதவல்லி அவர் முகத்தைப் பார்க்க மாட்டார். நஞ்சம்மாளும் எதுவும் கேட்க மாட்டார். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார் அமுதவல்லி என்னிடம்.

தினமும் காலையில் காளியப்பன் கடைக்கு ஒரு ரூபாய் அனுப்பிப் பார்ப்பது அவருக்கு வழக்கமாகியிருந்தது. போகாது. போனை இடுப்பில் சொருகிக்கொண்டு வேலைக்குப் போவார். அப்படி ஒரு நாள் காலை, கடைக்கு எதிரே நின்று ஒரு ரூபாயை அழுத்தினார்.

'ஒரு ரூபாய் பெறப்பட்டது.'

காளியப்பன் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். அமுதவல்லி ரோட்டிலேயே நின்றார். மீதியைப் பார்த்தார். சந்தேகத்துக்குரியது என்று ஐயாயிரத்தை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மற்றதைத் திறந்து விட்டிருந்தார்கள். உடனே இரண்டாயிரத்து அறுநூற்றை அடித்து அனுப்பினார். பெட்டி அதையும் சொன்னது.

"அண்ணா, காசு குடுங்க."

"இன்னிக்கு என்ன கெழமைன்னு தெரியுதா?" என்றார் காளியப்பன்.

அமுதவல்லிக்குத் தெரியும். காலையில் விளக்குக்குப் பொட்டு வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"வெள்ளிக்கெழம. இன்னும் போணிகூட ஆவல. கல்லாலேர்ந்து காச எடுத்து வெளிய குடுக்கச் சொல்றியே. நாளைக்குக் காலைல மொத ஆளா வா, தர்றேன்."

"நாளைக்குன்னு ஒருக்கா சொல்லிட்டு நாலு மாசம் அலைஞ்சிட்டேன். இன்னிக்கே குடுங்க."

"நீயே இத்தன வருசமா வெள்ளிக்கெழம எடுத்ததில்லியேம்மா!"

"எடுத்ததில்ல. அதான் இப்ப எடுக்கறேன்."

கடை வாசலில் கிடந்த அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். சோப்பு வாங்க வந்த ஒருத்தர், பால் பாக்கெட் வாங்க வந்த ஒருத்தர் என்று இரண்டு போணி ஆனது. அதற்கு மேல் காளியப்பனால் காரணம் சொல்ல முடியவில்லை. கல்லாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நோட்டை எண்ணினார். அன்றைக்கு ஆயிரத்துக்குப் பத்து ரூபாயும் பிடித்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை கமிஷன் பிடித்த பாவம் வேறு எதற்கு என்று சொன்னாராம்.

நஞ்சம்மாள் கொட்டகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அமுதவல்லி நோட்டை நீட்டினார். தயக்கத்துக்கு இரண்டு காரணம். வெள்ளிக்கிழமை என்பது ஒரு பக்கம். நாலு மாதம் கழித்து என்பது இன்னொரு பக்கம்.

"வெள்ளிக்கெழம உன் கையிலேர்ந்து எறங்குதே" என்றார் நஞ்சம்மாள்.

"எறங்கட்டும்."

"எனக்கு ஏறுதுல்ல? குடு." எண்ணிப் பார்க்காமல் முடிந்துகொண்டார். படுதாவைப் பார்த்தார். "இந்த மழைக்கு இதுலயே ஓடிரும். ஷீட்டு தை மாசம் மாத்திக்கறேன். இப்ப வெல அதிகம்."

மழைக்கு முன்னாடி என்று கேட்டவர் அவர்தான். இரண்டு பேரும் ஒன்றாகக் கொட்டகைக்கு நடந்தார்கள். மறுநாள் சங்கப் பெட்டிக்குப் பாக்கி முழுவதையும் வட்டியோடு கட்டினார். வெண்மதி இரண்டு தடவை எண்ணிவிட்டு, "சரியா இருக்குது" என்றாள். பிறகு இடுப்பிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்து அமுதவல்லி மடியில் போட்டாள்.

*

அமுதவல்லி இப்போதும் பிரபாகரின் கொட்டகையில் புளி தட்டுகிறார். கிலோவுக்குப் பதினைந்து ரூபாய் ஆகியிருக்கிறது. வெண்மதி தன் பெயரில் கணக்கு ஆரம்பித்துவிட்டாள். அவள் விரல் இன்னும் முழுவதும் தேயவில்லை. மற்ற ஒன்பது பேரின் கூலி அமுதவல்லியின் போனுக்குத்தான் வருகிறது. வந்த அன்றைக்கே, எந்தக் கிழமையாக இருந்தாலும், எடுத்துக் கொடுத்துவிடுகிறார். ஐயாயிரம் ரூபாய் இன்னும் திறக்கவில்லை. அதற்காக மாதம் ஒரு தரம் சவுரியப்பனைப் போய்ப் பார்க்கிறார்.